கொப்பியில் எழுதினால் கோபம் போகுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறுவர் இல்லங்களைப் பற்றியவை. எழுதியவர்களில் பொறுப்பாளரும் இருக்கிறார், பிள்ளைகளும் இருக்கிறார்கள், குவைத்திலிருந்து ஒரு தாயும் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய இடங்களை வெட்டிவிட்டேன். சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு நாலு வரியிலும் பதில் வரும். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் தரம் 10 படிக்கும் பிள்ளை ஒருத்தி. மற்றப் பிள்ளைகள் கூடி நின்று சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று முடிவெடுத்துவிடுவாள். சோற்றுக் கோப்பையை எறிவாள். இரண்டு நாளைக்கு ஒருவரோடும் கதைக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் காட்டினோம். குளிசை தரவில்லை. ஓர் உளவளத்துணையாளர் கிழமைக்கு ஒருதரம் கதைக்கிறார். ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதவும் சொல்லியிருக்கிறார். அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயராம். தாய் தகப்பன் இல்லாத குறைக்குக் கொப்பி மருந்தாகுமா?
— இல்லப் பொறுப்பாளர், கிளிநொச்சி

பதில்: அக்கா, ஆகாது. அந்தக் குறையைக் கொப்பி தீர்க்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். அது செய்கிற வேலை சின்னது. ஆனால் அந்தச் சின்ன வேலையை வேறு எதுவும் அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற உளமருத்துவர் இருந்தார். பிராய்டின் வழியில் பயின்றவர். மனச்சோர்வோடு வந்தவர்களின் பழங்கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குள் இன்னொரு பேச்சு ஓடுகிறது. ‘இந்த டொக்டருக்கு என் கதை அலுப்படிக்கிறது’, ‘நான் ஒன்றுக்கும் உதவாத ஆள்’ என்று குறுக்கால் வந்து போகும் எண்ணங்கள். கேட்டாலொழியச் சொல்ல மாட்டார்கள். தங்களுக்குள் அப்படி ஓடுவதே பலருக்குத் தெரியாது. பெக் அந்த எண்ணங்களைப் பிடித்து, அவை உண்மையா என்று நோயாளியோடு சேர்ந்து சோதிக்கத் தொடங்கினார். இந்தச் சிகிச்சையின் வேர்களில் முக்கியமானது அது.

உங்கள் பிள்ளையின் கொப்பியில் அனேகமாகச் சில நிரல்கள் கீறியிருப்பார்கள். என்ன நடந்தது? அந்த நேரம் தலைக்குள் என்ன ஓடியது? மனம் எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை? உடம்பு என்ன செய்தது? நீ என்ன செய்தாய்? ‘சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று பேர் சிரித்தார்கள்’ என்பது நடந்தது. ‘என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள்’ என்பது எண்ணம். கோபம் பத்துக்கு ஒன்பது, நெஞ்சு இறுகியது, கை சூடானது, கோப்பை பறந்தது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடப்பதால் பிள்ளைக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. எழுதும்போது அவை தனித்தனியாகப் பிரியும். பிறகு உளவளத்துணையாளர் கேட்பார்: உன்னைப் பற்றித்தான் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது? இல்லை என்பதற்கு என்ன இருக்கிறது? வேறு எதற்குச் சிரித்திருக்கலாம்? அடுத்த தரம் எறிய முதல் ஒருத்தியிடம் நேரே கேட்டுப் பார்ப்போமா? இந்தக் கடைசிக் கேள்விதான் என் அனுபவத்தில் அதிகம் வேலை செய்வது. எண்ணத்தை மாற்றுவதைவிட ஒரு செயலை மாற்றிப் பார்ப்பது பிள்ளைகளுக்குச் சுலபம்.

‘நல்லதையே நினை’ என்று சொல்லிக் கொடுப்பதாகப் பலர் இதை விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் எரிச்சல்படுவதும் அதனால்தான். ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளை இல்லத்துக்கு வரமுதல் எத்தனை வீட்டுத் திண்ணையில் நின்றிருப்பாள்? மாமி வீடு, சித்தப்பா வீடு. அவள் உள்ளே வந்ததும் பெரியவர்கள் கதையை நிறுத்தியிருப்பார்கள். அப்போது உண்மையாகவே அவளைப் பற்றித்தான் கதைத்திருப்பார்கள், யார் இவளை வைத்திருப்பது என்று. அந்த இடத்தில் அவள் பிழையாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இன்று வேறு இடத்துக்கு வந்த பிறகும் அதே கணக்கைப் போடுகிறாள், அவ்வளவுதான்.

வேறு இடம் என்றேன். அது உண்மையிலேயே வேறு இடமாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் இதே மாதிரி ஒரு பிள்ளை. உளவளத்துணையாளர் சான்று கேட்டார். பிள்ளை அடுக்கினாள்: என்னைப் ‘பார்சல்’ என்று கூப்பிடுகிறார்கள், நான் முதல்நாள் உடுப்பைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வந்ததால். விசாரித்தால், சமையல் அன்ரி வரைக்கும் அந்தப் பெயர்தான் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார், பாசமாகத்தானாம். அந்தப் பிள்ளையின் எண்ணத்தில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பட்டப்பெயரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கொப்பியில் மற்ற விஷயங்கள் வரத் தொடங்கின.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. நம் வடக்கிலேயே 9 முதல் 12 வயது வரையான 399 பாடசாலைப் பிள்ளைகளோடு ஓர் ஆய்வு நடந்து 2012இல் வெளியானது. இதே சிகிச்சையின் உத்திகளோடு விளையாட்டும் கலையும் சேர்ந்த 15 வகுப்பறை அமர்வுகள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய பலன் இல்லை. பிரித்துப் பார்த்தபோது, அன்றாட வாழ்க்கையில் போரோடு வந்த தொல்லைகள் குறைவாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. அமர்வுகளில் இருந்த பெண் பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகள், ஒப்பிட்டுப் பார்க்க அமர்வுக்குப் பிறகு முறை வரும் என்று காத்திருக்க வைத்த பெண் பிள்ளைகளைவிடக் குறைவாகத்தான் தணிந்தன. எல்லாப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் இருத்தி ஒரே மருந்து கொடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன்.

இனி உங்கள் பக்கத்து வேலை. கொப்பியைப் பூட்டி வைக்க அவளுக்கு ஓர் இடம் கொடுங்கள், திறப்பு அவளிடம் இருக்கட்டும். நீங்கள் வாசிக்கக் கூடாது, நல்ல எண்ணத்தோடு கூட. கோபம் வந்த நேரத்தில் ‘போய் உன்ர கொப்பியில எழுது’ என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த ஒரு வசனத்தோடு கொப்பி செத்துவிடும். முற்றம் கூட்டவில்லை, ஆகவே இந்தக் கிழமை கவுன்சிலிங் கிடையாது என்று தண்டனையாக மறிக்கிற வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. குளிசையை அப்படி மறிப்பீர்களா? கதைக்கிற இடம் உங்கள் அலுவலக அறையாக இருக்க வேண்டாம். போன் அடிக்கும், யாராவது கையெழுத்துக்கு வருவார்கள். கோப்பை பறந்த நேரம் விசாரணை வைக்காதீர்கள், ஒரு மணித்தியாலம் போகட்டும். எழுத விருப்பமில்லாவிட்டால் கீறலாம், அல்லது வாயால் சொல்லலாம். சிகிச்சை எழுத்தில் இல்லை.

சாப்பிடாமல் இருப்பது நீண்டுபோனாலோ, கையைக் கீறினாலோ, சாகிற கதை கதைத்தாலோ கிழமைக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: நான் தரம் 11. இல்லத்தில் இருந்து படிக்கிறேன். எங்கள் பக்கம் வயலுக்கு யானை வரும், இரவில் யானை வெடி போடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு நெஞ்சு அடிக்கும், வியர்க்கும், கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன். பெடியள் சிரிக்கிறாங்கள். நான் பிறந்தது 2009இல், மெனிக் பாம் முகாமில். சண்டையைப் பார்க்கவே இல்லை. எனக்கு ஏன் இது?
— பெயர் வேண்டாம், ஒட்டுசுட்டான் பக்கம்

பதில்: தம்பி, நீர் சண்டையைப் பார்க்கவில்லை. உம்மைத் தூக்கி வைத்திருந்தவர் பார்த்தவர். சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் கை உம்மை இறுக்கிப் பிடித்திருக்கும், அவரின் நெஞ்சு அடிப்பது உமக்குக் கேட்டிருக்கும். ஆபத்து எது என்பதைக் குழந்தை பெரியவர்களின் உடம்பைப் பார்த்துத்தான் படிக்கிறது. உமக்கு வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. சிரிக்கிற பெடியளுக்கும் ஏதோ ஒன்று இருக்கும், அவர்கள் பத்திரிகைக்கு எழுதவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். கட்டிலுக்குக் கீழே போனதும் பயம் குறைகிறதல்லவா? அதுதான் சிக்கல். ‘ஒளிந்ததால் தப்பினேன்’ என்று உடம்பு கணக்கு எழுதிக்கொள்கிறது. ஒளியாமல் இருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்பதை அறிய அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. அடுத்த வெடிக்கு இன்னும் வேகமாக ஒளியச் சொல்லும். அறிகை நடத்தைச் சிகிச்சையில் இதற்குப் படிப்படியாகப் பழகுகிற முறை ஒன்று இருக்கிறது. உளவளத்துணையாளரோடு சேர்ந்து பயத்தின் படிகளை எழுதுவீர். முதல் படி வெடிச்சத்தத்தைப் பற்றிக் கதைப்பது, பத்துக்கு இரண்டு என்று வைப்போம். அடுத்து, பகலில் போனில் பதிந்த சத்தத்தை மெல்லிய அளவில் கேட்பது. பிறகு கொஞ்சம் கூட்டி. பிறகு பொழுதுபட்ட பின். கடைசியில், வெடி போடுகிற இரவில் காவற்கார அண்ணையோடு உள்விறாந்தையில் இருப்பது. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும் வரை எழும்பி ஓடாமல் இருக்க வேண்டும், அதுதான் ஒரே விதி. எந்தப் படிக்கு எப்போது போவது என்பதை நீரே தீர்மானிப்பீர். யாராவது ‘பயம் போகட்டும்’ என்று உமக்குப் பின்னால் சீனவெடி கொளுத்தினால் அது சிகிச்சை இல்லை, அடாவடி. பொறுப்பாளரிடம் சொல்லும்.

மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தருவார்கள். இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குவது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிசெய்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் சனத்துக்கு வெறும் மூச்சை எண்ணச் சொல்வதைவிட அவரவர் சமயத்தில் பழகிய சொல்லை ஜெபிக்கச் சொல்வது ஒட்டும் என்று எழுதியிருக்கிறார். சைவப் பிள்ளைக்கு ஓம், கத்தோலிக்கப் பிள்ளைக்குச் செபமாலை. உமக்கு வசதியானதை எடும். ஆனால் படியில் நிற்கும்போது பயமே வராமல் தடுக்க அதைப் பாவிக்க வேண்டாம். அப்புறம் அதுவும் ஒரு கட்டில் ஆகிவிடும்.

இன்னொன்று: யானைக்குப் பயப்படுவது அறிவு. அதை மாற்ற நான் வரவில்லை. இரவில் வெளியே இறங்காதேயும்.

கேள்வி: நான் குவைத்தில் வீட்டு வேலை. மகளுக்கு 14 வயது, இல்லத்தில் விட்டுவிட்டு வந்தேன். மனச்சோர்வு என்று டொக்டர் குளிசையும் கொடுத்து, கதைக்கவும் விட்டிருக்கிறாராம். குளிசை மட்டும் போதாதா? விசர் என்று பெயர் வந்தால் நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள்? இவ்வளவு தூரத்தில் நான் என்ன செய்ய?
— ஒரு தாய்

பதில்: தங்கச்சி, முதலில் குளிசை. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கடும் மனச்சோர்வு உள்ள 12 முதல் 17 வயது வரையான 439 பேரை நான்காகப் பிரித்து 12 கிழமை பார்த்தார்கள். புளூஒக்செற்றின் குளிசையும் இந்தச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதத்தினர் நன்றாகத் தேறினார்கள். குளிசை மட்டும் என்றால் 61, சிகிச்சை மட்டும் என்றால் 43, மருந்தில்லாத வெற்றுக் குளிசைக்கு 35. ஆகவே உங்கள் டொக்டர் செய்தது சரியான வேலை. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லி அங்கிருந்து போனில் கட்டளை போட வேண்டாம். குளிசையைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

கலியாணக் கதை இப்போது தேவையில்லை. பிள்ளைக்கு 14 வயது.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய. இந்தச் சிகிச்சையில் பராமரிப்பவரும் பங்கெடுப்பது நல்லது. உளவளத்துணையாளரோடு ஒருதரம் போனில் கதைக்கக் கேளுங்கள். பிறகு, மகளுக்கு அழைக்கும் நாளையும் நேரத்தையும் நிலையாக்குங்கள். அங்கே பின்னேரம் 5 மணி என்றால் இங்கே 7.30, இல்லங்களில் அது படிப்பு நேரம். முன்கூட்டிச் சொன்னால் பொறுப்பாளர் விடுவார். கிழமைக்கு ஒருதரம் பத்து நிமிடம், சொன்ன நேரத்துக்கு, அது போதும். ‘அம்மா என்னை மறந்திட்டா’ என்று அவள் எழுதினால், உளவளத்துணையாளர் கேட்கிற முதல் கேள்வி ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்பதுதான். அதற்கு அவளிடம் உங்கள் அழைப்பு ஒன்றாவது பதிலாக இருக்க வேண்டாமா? ரிக்கற் கையில் வரும்வரை ‘தைப்பொங்கலுக்கு வருவன்’ என்று சொல்லாதீர்கள். அழுகையை நிற்பாட்டச் சொல்கிற அந்த வசனம், வாசலில் உட்கார்ந்திருந்து தை மாதம் போன பிறகு என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அந்தக் காலத்தில் பூவரசங் கம்பால் நாலு போட்டோம், பிள்ளைகள் திருந்தினார்கள். இப்ப இந்தச் சிகிச்சை அந்தச் சிகிச்சை!
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மல்லாவி

பதில்: சேர், திருந்தியவர்கள் உங்களைக் கண்டால் சைக்கிளால் இறங்குகிறார்கள், அதனால் அவர்களைத்தான் உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் என்னிடம் வருகிறார்கள். பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையே சொல்லிவிட்டது.

கேள்வி: பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு கிழமைப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழும் எடுத்தேன். பக்கத்து இல்லத்தில் இதை நானே செய்யலாமா? எத்தனை அமர்வு வைக்க வேண்டும்?
— அபிவிருத்தி உத்தியோகத்தர், முல்லைத்தீவு

பதில்: தம்பி, மனவடுவுக்கென்று அமைந்த வடிவம் பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள் போகும். கிழமைக்கு ஒன்று. நடந்த கொடுமையைப் பிள்ளை விவரமாகச் சொல்லுகிற கட்டம் ஒன்று அதில் வரும். அதை ஒரு கிழமைப் பயிற்சியோடு தொட வேண்டாம். திறந்த பிறகு மூடத் தெரிய வேண்டும். மூடத் தெரிந்தவரின் மேற்பார்வை உமக்கு மாதாமாதம் இருக்க வேண்டும்.

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவும் இல்லை. மருத்துவர் அல்லாதவர்களால் ஒன்றும் ஏலாது என்பதும் பிழை. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளோடு செய்த ஆய்வில், பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள்தான் ஆறே அமர்வுகளில் வேலை செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு நடந்ததைக் கதையாகச் சொல்வது, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வும். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்த்தால் முதற்பகுதியில் 81 சதவீதத்தினர், மற்றதில் 71 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2023இல் ‘ஈஸ்’ என்ற கைநூலை வெளியிட்டன. 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஏழு குழு அமர்வுகள், பராமரிப்பவர்களுக்கு மூன்று. உம்மைப் போன்றவர்கள் பயிற்சியோடும் மேற்பார்வையோடும் நடத்துவதற்கென்றே எழுதியது. அதில் தொடங்கும். பராமரிப்பவர்களுக்கான மூன்று அமர்வை இல்லத்து ஊழியர்களுக்கு வையும், சமையல் அன்ரியையும் சேர்த்து. நேரமில்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுவார்கள், விட வேண்டாம்.

நீர் மாற்றலாகிப் போகப்போகிறீர் என்றால் தொடங்கவே வேண்டாம். பாதியில் விட்டுப்போன பெரியவர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

கேள்வி: கவுன்சிலிங்கில் நான் சொல்வதை மேற்றனுக்குச் சொல்வார்களா? எனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது இல்லத்துக்குள்ளே நடப்பது. நான் கூடாத மாதிரி யோசிக்கிறேன், அதை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
— கடிதத்தில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை

பதில்: பிள்ளை, கவுன்சிலிங்கில் சொல்வது பொதுவாக வெளியே போகக் கூடாது. மூன்று இடத்தில் மட்டும் சொல்லியாக வேண்டும்: உம் உயிருக்கு ஆபத்து என்றால், நீர் இன்னொருவரைக் காயப்படுத்தக்கூடும் என்றால், உம்மை யாராவது துன்புறுத்தினால். அப்போதும் சொல்ல வேண்டியது உம்மைப் பாதுகாக்கக் கூடியவரிடம். துன்புறுத்துகிறவரிடமோ அவருக்கு வேண்டியவரிடமோ இல்லை. யாரிடம் சொல்வீர்கள் என்று வாய் திறக்க முதலே கேளும்.

யாராவது உம்மைத் தொடுகிறார்கள், அடிக்கிறார்கள், பயமுறுத்துகிறார்கள் என்றால் உம் யோசனையில் கூடாதது ஒன்றும் இல்லை. அதற்குக் கொப்பி தேவையில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, காசில்லாமல் இரவும் பகலும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். மனம் தாங்காமல் போனால் 1926, அது தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார். கையில் போன் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் நீர் நம்புகிற ஒரு ரீச்சர் போதும். சொல்ல வாய் வராவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோய்க் கொடும். ‘கடைசிக் கேள்வி நான் எழுதினது’ என்று மட்டும் சொல்லும்.